படகுக்கு பிரேக் உண்டா, மச்சான்?

சொந்தமாகப் படகு வைத்திருக்கும் வாசகர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள், பார்க்கலாம்.

ம்ஹூம்... ஒருவரையும் காணோம். பரவாயில்லை. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் டூ வீலருக்குப் பெட்ரோல் போடவே இரண்டு தடவை யோசிக்கிற ஆட்கள் நாம். நமக்கு ஏது படகு?

இருந்தாலும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது படகு தண்ணீரில் மிதக்கிற கதையே அல்ல. படகு தார் ரோட்டில், ஒரு காரின் பின்னால், நாலு தேசங்களைத் தாண்டிப் போகிற கதை. நம் பக்கத்து சீட்டு ஆசாமி ஒருநாள் திடீரென்று 'மூன்று வருஷம் ஜெர்மனி' என்று ஆபீஸில் ஸ்வீட் பாக்ஸ் நீட்டுகிறாரே, அவருக்கு இது நாளைக்கே உபயோகப்படலாம். உங்களுக்கும்தான். அந்த ஸ்வீட் பாக்ஸ் யார் கையில் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

ஜெர்மனியின் தெற்குக் கோடியில் பவேரியா. தலைநகர் மியூனிக். அங்கே ஏரி உண்டு, மலை உண்டு, கடல் மட்டும் கிடையாது. ஆனால் வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது தார்பாய் போர்த்திய படகு ஒன்று டிரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட் லீவு விட்டதும் அதைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மியூனிக், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், ஆல்ப்ஸ் மலை, ஸ்லோவேனியா, அப்புறம் குரோஷியாவின் இஸ்திரியா கடற்கரை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவும் ஷெங்கன் வட்டத்துக்குள் வந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு முத்திரை கிடையாது.

முத்திரை இல்லையே தவிர, சட்டம் இருக்கிறது. நாலு தேசத்துக்கும் தனித்தனி.

மூவர் கூட்டணி

விஷயம் எனக்கு எப்படி வந்தது என்றால், பி.காம். படிக்கும்போது என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பன் இப்போது மியூனிக்கில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறான். மனைவி, ஐந்து வயதுப் பெண் குழந்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன்.

"மச்சான், ஆபீஸ்ல நாங்க மூணு பேரு சேர்ந்து ஒரு செகண்ட் ஹாண்ட் படகு வாங்கப்போறோம்டா. டிரெய்லரோட சேர்த்து ஒரே விலை. ஆகஸ்ட்ல குரோஷியா. என் கார்லதான் இழுத்துட்டுப் போறோம்."

"உனக்கு நீச்சல் தெரியுமாடா?"

"லைஃப் ஜாக்கெட் இருக்கு. நீ கணக்கை மட்டும் பாரு. எனக்கு ஆசை கண்ணை மறைக்குது. நீ வாங்கப்போறதில்ல, அதனால உனக்கு மறைக்காது."

நல்ல ஆடிட்டர் இலக்கணம். சரி என்று கார், படகு, டிரெய்லர் மூன்றின் காகிதங்களையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டேன். கூடவே ஒரு கேள்வி கேட்டேன். "டிரெய்லருக்கு பிரேக் இருக்கா?"

"இருக்கு. ஆனா ஹேண்ட் பிரேக்கை முழுசா இழுத்தாலும் சக்கரம் சுத்துது. விக்கிற பெரியவர், ரொம்ப நாளா நின்னுட்டே இருக்கு, ஓட ஓட சரியாயிடும்னாரு."

ஓட ஓடச் சரியாவதற்கு அது என்ன புதுச் செருப்பா?

படகின் பேலன்ஸ் ஷீட்

முதலில் எடை. படகு விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் 1,500 கிலோ என்று போட்டிருந்தது. 'காரின் புத்தகத்தில் 2,500 கிலோ வரை இழுக்கலாம் என்று இருக்கிறது. ஆயிரம் கிலோ மிச்சம்!' என்று நண்பன் ஒரே குஷியாக எழுதியிருந்தான்.

விளம்பரத்தில் போடுகிற எடை பெரும்பாலும் வெறும் ஓட்டின் எடை. கல்யாணப் பத்திரிகையில் 'வரதட்சணை இல்லை' என்று போடுகிற மாதிரி. உண்மைச் செலவு உள்ளே போனால்தான் தெரியும். உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினோம்.

ஓடு 1,500. பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டார் 230. டாங்க் நிறையப் பெட்ரோல் 180 லிட்டர். லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்தால் 135. குடிநீர்த் தொட்டி 80. நங்கூரம், சங்கிலி, கயிறு, பாட்டரி, மேல்விதானம் எல்லாம் சேர்த்து 120. படகுக்குள் அடைக்கும் பெட்டி படுக்கை 100. கடைசியாக, எல்லோரும் மறந்துவிடுகிற ஐட்டம்: டிரெய்லரே 600 கிலோ!

கூட்டினால் 2,765.

கார் இழுக்கக்கூடியது 2,500. டிரெய்லரின் தகட்டில் பொறித்திருக்கும் உச்ச எடை 2,700. இரண்டையும் தாண்டியாகிவிட்டது. ஆயிரம் கிலோ மிச்சம் என்றது போக, 265 கிலோ துண்டு விழுகிறது.

இன்னொரு சூட்சுமம். ஜெர்மனியில் காரின் பதிவுச் சான்றிதழில் ஓ.1, ஓ.2 என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். ஓ.1 என்பது பிரேக் உள்ள டிரெய்லரை எவ்வளவு இழுக்கலாம் என்பது. ஓ.2 பிரேக் இல்லாத டிரெய்லருக்கு. நண்பனின் காரில் ஓ.1-ல் 2,500, ஓ.2-ல் 750. அதாவது பிரேக் வேலை செய்யாத டிரெய்லரை மாட்டிக்கொண்டு 2,500 என்று கணக்குச் சொல்வது, பவுன்ஸ் ஆன செக்கை வரவில் எழுதுகிற மாதிரி.

ஒதுக்கீடு வேறு, செலவு வேறு

"சரிடா, சாமானைக் குறைச்சுக்கறோம். அப்புறம் நான் ஓட்டலாம்தானே? எழுத்துப் பரீட்சை, ரோடு டெஸ்ட் ரெண்டும் பாஸ் பண்ணி ஜெர்மன் லைசென்ஸே வாங்கிட்டேன்."

இங்கேதான் பெரிய பள்ளம்.

ஐரோப்பிய யூனியனில் 2013 ஜனவரி 19 முதல் அமலுக்கு வந்த லைசென்ஸ் விதி இது. சாதாரண கார் லைசென்ஸுக்கு 'பி' கிளாஸ் என்று பெயர். அதில் 750 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம். அதற்கு மேற்பட்ட டிரெய்லர் என்றால் காரும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவுக்குள் இருக்கவேண்டும். கூடுதலாக ஒரு பயிற்சி முடித்து 'பி-96' என்ற குறி வாங்கினால் இரண்டும் சேர்ந்து 4,250 வரை. அதற்கும் மேலே போனால் 'பி.இ.' என்ற தனி லைசென்ஸ். அதில் டிரெய்லர் 3,500 வரை போகலாம்.

இதில் எந்த எடையைப் பார்ப்பார்கள்? இன்று ஏற்றியிருக்கும் எடையை அல்ல. தகட்டில் பொறித்த உச்ச எடையை. பட்ஜெட்டில் ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கும், செலவு என்று ஒன்று இருக்கும் இல்லையா? லைசென்ஸுக்கு ஒதுக்கீட்டைப் பார்ப்பார்கள். கார் இழுக்கும் திறனுக்குச் செலவை, அதாவது எடைமேடையில் காட்டுகிற நிஜ எடையைப் பார்ப்பார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நண்பனின் கார் தகட்டில் 2,350. டிரெய்லர் தகட்டில் 2,700. கூட்டினால் 5,050. படகைக் கடலில் இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தாலும் அதே 5,050தான். அவனிடம் இருப்பதோ வெறும் 'பி'.

ஜெர்மனியில் உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது, பர்ஸை எடுத்து அபராதம் கட்டிவிட்டுப் போகிற சமாசாரம் அல்ல. கிரிமினல் குற்றம். ஒரு வருஷம் வரை சிறை அல்லது கோர்ட் அபராதம். விசாவில் பிழைக்கப் போன இடத்தில், லீவுக்குக் கடற்கரை போகப்போய் கோர்ட் வாசலில் நிற்கவேண்டுமா?

போனில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இதை விக்கிறவர் சொல்லவே இல்லையேடா" என்றான்.

விற்கிறவர் எதற்குச் சொல்லவேண்டும்? அவர் விற்பது படகு. லைசென்ஸ் அல்ல.

மாட்டு வண்டி தத்துவம்

இப்போது தலைப்புக்கு வருவோம். பின்னால் வருகிற டிரெய்லருக்கு யார் பிரேக் போடுவது?

மாட்டு வண்டி இறக்கத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டில் மாடு வண்டியை இழுக்கும். இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளும். நுகத்தடி மாட்டின் கழுத்தில் முன்னால் வந்து முட்டும். வண்டிக்காரர் கயிற்றைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஏதேதோ சத்தம் கொடுப்பார்.

காருக்குப் பின்னால் டிரெய்லரும் அப்படித்தான். கார் பிரேக் போட்டதும், பின்னால் வருகிற கனம் 'நான் நிற்கமாட்டேன்' என்று முன்னால் தள்ளும். ஐரோப்பாவில் இந்தத் தள்ளலையே பிரேக்காக மாற்றிவிட்டார்கள். டிரெய்லரின் முன்தண்டு காரின் கொக்கியில் உள்ள ஐந்து சென்டிமீட்டர் உருண்டையில் உட்கார்ந்திருக்கும். டிரெய்லர் தள்ளும்போது அந்தத் தண்டு கொஞ்சம் உள்ளே போகும். அது ஒரு கம்பியை இழுக்கும். கம்பி கேபிள்களை இழுக்கும். கேபிள் சக்கரத்தின் டிரம்முக்குள் இருக்கிற பிரேக் ஷூவை விரிக்கும். அவ்வளவுதான். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ அவ்வளவு பலமாகத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். மின்சாரம் இல்லை, எண்ணெய் இல்லை, டிரைவர் தொடுவதே இல்லை. ஓவர்ரன் பிரேக் என்று பெயர்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் டிரைவர் தொடுவதே இல்லை என்பதால், அது வேலை செய்யவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. சமதளத்தில், நிதான வேகத்தில், காரின் பிரேக்கே எல்லாவற்றையும் சமாளித்துவிடும். கேபிள் துருப்பிடித்து இறுகிப்போயிருப்பது அவசரமாக நிறுத்தவேண்டிய அந்த ஒரு தடவைதான் தெரியவரும். அப்போது டிரெய்லர் காரின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும். கார் திரும்பும். காரும் டிரெய்லரும் மடக்குக்கத்தி மாதிரி மடங்கும். பின் சீட்டில் ஐந்து வயதுக் குழந்தை.

"ஏன்டா, நம்ம ஊர்ல கரும்பு ஏத்திட்டுப் போற டிராக்டர் டிரெய்லர் எத்தனையில பிரேக்கே இல்ல, ஓடலையா?" என்றான் நண்பன்.

ஓடுகிறது. மாடு மேய்த்துக்கொண்டு போகிற வேகத்தில். இவன் ஓடப்போவது ஆட்டோபானில்.

இரண்டு கோடுகள்

ஐரோப்பிய விதிகளில் மனப்பாடம் செய்ய இரண்டே எண்கள் போதும். 750, 3,500.

உச்ச எடை 750 கிலோ வரை உள்ள டிரெய்லருக்குப் பொதுவாக பிரேக் கட்டாயம் இல்லை. 750-க்கு மேல் 3,500 வரை பிரேக் வேண்டும். மேலே சொன்ன தள்ளு பிரேக்கே போதும். 3,500-ஐத் தாண்டிவிட்டால் தள்ளு பிரேக் செல்லாது. ஓட்டுகிறவர் பெடலை மிதித்ததும் டிரெய்லரிலும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடு, அதாவது லாரி ஜாதி பிரேக், வேண்டும். அதனால்தான் அங்கே குடும்பக் கார் இழுக்கிற படகுகள் எல்லாம் 3,500 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன.

இந்த 750 என்ற எண்ணுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1968 நவம்பர் 8-ஆம் தேதி வியன்னாவில் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை ஒன்று கையெழுத்தானது. ஒரு தேசத்து வண்டி இன்னொரு தேசத்தில் ஓடுவதற்கான அடிப்படை ஒப்பந்தம் அது. 'லேசான டிரெய்லர்' என்றால் 750 கிலோவுக்குள் என்று அதில்தான் வரையறுத்திருக்கிறார்கள். லேசானது தவிர மற்ற எல்லா டிரெய்லருக்கும் பிரேக் வேண்டும். லேசானதே ஆனாலும், அதன் உச்ச எடை இழுக்கிற காரின் வெற்று எடையில் பாதியைத் தாண்டினால் அதற்கும் வேண்டும். குட்டிக் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க!

எல்லை தாண்டும்போது எதற்கு எந்தச் சட்டம் என்பதை நான் இப்படி ஞாபகம் வைத்துக்கொண்டேன். வண்டிக்குப் பிறந்த வீட்டுச் சட்டம். ஓட்டுகிறவர் காலுக்குப் புகுந்த வீட்டுச் சட்டம். பிரேக், விளக்கு, தகடு இதெல்லாம் பதிவான தேசத்தின் விதிப்படியும், வியன்னாவின் குறைந்தபட்ச நிபந்தனைப்படியும் இருந்தால் சரி. ஆனால் வேகம், எந்த லேனில் போகலாம் என்பதெல்லாம் அந்தந்த மண்ணின் இஷ்டம்.

உதாரணத்துக்கு ஜெர்மனியின் ஆட்டோபான். வேகத்துக்குப் பேர்போன ரோடு. டிரெய்லர் மாட்டினால் அங்கேயும் 80 கிலோமீட்டர்தான். 100-ல் போக வேண்டுமானால் தனி அனுமதி வாங்கி டிரெய்லரின் முதுகில் '100' என்று ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். டிரெய்லர் டயருக்கு ஆறு வயதுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. காரில் ஏ.பி.எஸ். இருக்கவேண்டும். எடை விகிதம் சரியாக இருக்கவேண்டும். இத்தனையும் பண்ணி ஒட்டிய ஸ்டிக்கர் ஜெர்மன் எல்லையோடு சரி. இத்தாலிக்குள் போனால் மோட்டார்வேயிலும் 80. பிரான்ஸில் காரும் டிரெய்லரும் சேர்ந்து 3,500-ஐத் தாண்டினால் 90. பிரிட்டனில் மணிக்கு 60 மைல், ஆனால் மூன்று லேன் உள்ள மோட்டார்வேயில் கடைசி லேன் பக்கமே தலைவைக்கக்கூடாது.

80-க்கும் 100-க்கும் என்ன பெரிய வித்தியாசம், இருபதுதானே என்பீர்கள். வேகத்தின் வர்க்கத்தில் ஆற்றல் ஏறுகிறது. 80 நூறானால் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் 56 சதவிகிதம் அதிகம். இந்த வட்டி விகிதத்தைக் கந்துவட்டிக்காரர் கூடக் கேட்கமாட்டார்!

ஒல்லிக் கேபிள்

இந்த சமாசாரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு ஒல்லியான எஃகுக் கேபிள். ஒரு முனை டிரெய்லரின் பிரேக் லீவரில். மறுமுனை காரில். கொக்கி கழன்று டிரெய்லர் தனியாகப் பிரிந்துவிட்டால், இந்தக் கேபிள் விறைத்து, ஹேண்ட் பிரேக்கைச் சுண்டி இழுத்துவிட்டு, தானும் அறுந்துபோகும். டிரெய்லர் தனியாக, பிரேக் பிடித்தபடி நிற்கும்.

சங்கிலி போட்டுக் கட்டிவைத்தால் போதாதா என்று எனக்கும் தோன்றியது. பிரேக் இல்லாத லேசு டிரெய்லருக்கு அதுதான் வழி; சங்கிலி அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் இரண்டரை டன் படகு சங்கிலியில் தொங்கிக்கொண்டு ஆடினால் காரையும் சேர்த்துப் பள்ளத்துக்குள் இழுத்துவிடும். அதனால் கனமானதற்கு விதி வேறு: பிடித்து நிறுத்து, அப்புறம் கைவிடு.

இந்தக் கேபிளை எப்படி மாட்டுவது என்பதிலும் எல்லைத் தகராறு உண்டு. பலர் சும்மா கொக்கியின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். நெதர்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் அது போதாது. கொக்கிக்குப் பக்கத்தில் அதற்கென்றே உள்ள தனி வளையத்தில் மாட்டவேண்டும். காரணம் நியாயமானதுதான். கழற்றி மாட்டுகிற கொக்கியாக இருந்து, அந்தக் கொக்கியே கழன்று விழுந்தால், அதில் சுற்றிய கேபிளும் கூடவே போய்விடும் இல்லையா?

ஆல்ப்ஸ் இறக்கம்

நண்பன் கடைசியில் என்ன செய்தான்?

படகை வாங்கினார்கள். ஆனால் அந்த பிரேக்கோடு அல்ல. டிரெய்லரின் நம்பர் பிளேட்டில் ஒட்டியிருந்த வட்ட ஸ்டிக்கரே காலாவதி ஆகியிருந்தது. 750-க்கு மேற்பட்ட டிரெய்லருக்கு அங்கே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை கட்டாயம். அதைச் சொல்லி விலையைக் குறைத்து, குறைத்த பணத்தில் டிரம், ஷூ, கேபிள் அத்தனையும் புதிதாகப் போட்டு, பரிசோதனையில் பாஸ் பண்ணினார்கள். பெட்ரோல் டாங்க்கையும் தண்ணீர்த் தொட்டியையும் காலியாக விட்டார்கள். பெட்டி படுக்கை இன்னொரு காரில். 2,765-ல் 315 கழிந்து 2,450. எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். ஓட்டியது 'பி.இ.' லைசென்ஸ் உள்ள ஜெர்மன் சகா. நண்பன் பக்கத்து சீட்டில் மேப் பார்க்கும் உத்தியோகம்.

சால்ஸ்பர்க் தாண்டியதும் டாவர்ன் ஆட்டோபான். ரோடு 1,300 மீட்டருக்கு மேல் ஏறி, டாவர்ன் சுரங்கம், காட்ஷ்பர்க் சுரங்கம் தாண்டி இறங்குகிறது. ஏறுவது எஞ்சினின் கஷ்டம். இறங்குவது பிரேக்கின் கஷ்டம்.

பேப்பர் பென்சில் எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படுகிற ஆற்றல், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுசாக நிறுத்துவதைப் போல் சுமார் 20 மடங்கு. எடை எவ்வளவு இருந்தாலும் இந்த இருபது மாறாது. காற்றும் எஞ்சினும் இதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க பிரேக்கில் சூடாகத்தான் இறங்கவேண்டும். அதிலும் தள்ளு பிரேக்குக்கு ஒரு குணம் உண்டு. நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் காரைத் தள்ளிக்கொண்டே வருவதால் அது விடாமல் லேசாகப் பிடித்தபடியே இருக்கும். ஷூ சூடேறும். ரொம்ப சூடேறினால் பிடிப்பு போய்விடும்.

இதற்கு வைத்தியம் நம் மலைப்பாதை பஸ் டிரைவர்கள் காலங்காலமாகச் செய்வதேதான். ஏறிய கியரிலேயே இறங்கு. பெடலில் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வராதே. கொஞ்ச நேரம் நன்றாகப் பிடி, விடு, ஆறவிடு. ஜெர்மன் சகா அப்படியே செய்தாராம். நடுவில் ஒரு நிறுத்தத்தில் இறங்கி, நாலு சக்கரத்தின் நடுவிலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்த்தாராம். "தோசைக்கல் பாக்கற மாதிரி பாத்தாருடா" என்றான் நண்பன். நாலும் ஒரே சூடு என்றால் நாலும் வேலை செய்கிறது. ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அது சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறது என்று அர்த்தம். இது ஆபீஸுக்கும் பொருந்தும்.

கடற்கரை போனதும் அவசரப்பட்டு டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கக்கூடாது என்பது அடுத்த பாடம். கொதிக்கிற அச்சுமையம் குளிர்ந்த தண்ணீரில் முங்கினால், உள்ளே இருக்கிற காற்று சுருங்கித் தண்ணீரை பேரிங்குக்குள் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு காபி சாப்பிடும் நேரம் ஆறவிட்டு இறக்கவேண்டும். ஏற்றியபிறகு நல்ல தண்ணீரால் டிரம்மைக் கழுவவேண்டும். உப்புத் தண்ணீர் பட்டும் கழுவாமல் ஷெட்டில் நிற்கிற பிரேக்தான், 'ஓட ஓட சரியாயிடும்' பிரேக்காக மறுபடி சந்தைக்கு வருகிறது.

மற்ற ஊர்கள்

ஐரோப்பா மட்டும்தான் இவ்வளவு கறாரா என்றால், கோடு எங்கே போடுவது என்பதில் ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு மாதிரி. அமெரிக்காவின் டெக்ஸஸில் 4,500 பவுண்டு வரை, அதாவது சுமார் 2,040 கிலோ வரை, டிரெய்லருக்கு பிரேக் இல்லாமலே ஓட்டலாம். அதே டிரெய்லர் வடக்கே போய்க் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குள் நுழைந்தால் 1,360 கிலோவிலேயே பிரேக் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் 750 வரை வேண்டாம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், அதுவும் டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே இயக்கும்படி இருக்கவேண்டும். பிரிந்துபோனால் பதினைந்து நிமிஷமாவது பிடித்தபடி நிற்கவேண்டும்.

பிரிட்டன் ஒரு தனி ரகம். 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் லைசென்ஸ்காரர்களே தனி டெஸ்ட் இல்லாமல் 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம் என்று தாராளம் காட்டினார்கள். ஆனால் வெளிநாடு கொண்டுபோவதில் கெடுபிடி. 2019 மார்ச் 28 முதல், 3,500-க்கு மேற்பட்ட டிரெய்லரை அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக முதலில் அதைத் தனியாகப் பதிவு செய்யவேண்டும். வியாபாரத்துக்கென்றால் 750-ஐத் தாண்டினாலே பதிவு.

கோடு 750-ல் இருந்தாலும் 2,040-ல் இருந்தாலும் படகுக்கு அதெல்லாம் தெரியாது. எல்லைப் பலகையைத் தாண்டும்போது அதன் எடையில் ஒரு கிராம் குறைவதில்லை. சட்டம் பிரேக் கேட்காத ஊரிலும் அது அதே பலத்தோடுதான் பின்னாலிருந்து தள்ளும். சட்டம் கேட்பது குறைந்தபட்ச மார்க். பாஸ் மார்க் வாங்கினால் மலை இறங்கிவிடலாம் என்று அர்த்தமில்லை.

ஆகவே, அந்த ஸ்வீட் பாக்ஸை நீட்டப்போகும் எதிர்காலப் படகு முதலாளிகளுக்குச் சுருக்கமாக: தகட்டைப் படியுங்கள். எடைமேடையில் ஏற்றுங்கள். லைசென்ஸின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். கேபிளை வளையத்தில் மாட்டுங்கள். மொத்தமாக அரை மணி நேர வேலை.

இதையெல்லாம் செய்து முடித்தபிறகும் ஆசை மிச்சமிருந்தால் தாராளமாகப் படகு வாங்குங்கள். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது, கடற்கரையில் மணிக்கணக்குக்கு வாடகைப் படகு. அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு வரவேண்டிய அவசியமே இல்லை!